மழை நின்ற பிறகு ஓடும் நீர்

மழை நின்று பல வாரங்கள் ஆன பிறகும் சில சிற்றோடைகள் வற்றாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் தலைப்பில் ஏரியோ அணையோ இருப்பதில்லை. உருகி வழிவதற்குப் பனிமலையும் இருப்பதில்லை. அப்படியானால் இந்த நேரத்தில் நம் கண்முன்னே கடந்துபோகும் நீர் எங்கிருந்து வருகிறது? நீரியலை முதன்முதலாகப் படிக்க வருகிறவர்களிடம் நான் எடுத்துவைக்க விரும்பும் கேள்வி இதுதான். பாடநூல்களில் பார்த்துப் பழகிய நீர்ச்சுழற்சிப் படம் இதற்குப் பதில் தருவதில்லை. கடல், மேகம், மழை, ஆறு, மீண்டும் கடல் என்று அம்புக்குறிகள் சுற்றி வருகின்றன; ஒவ்வொரு அம்புக்குறியையும் கடக்க நீருக்கு எத்தனை நாள் பிடிக்கும், எத்தனை ஆண்டு பிடிக்கும் என்பது அதில் குறிக்கப்படுவதில்லை. நீரைப் பற்றி நாம் செய்யும் பிழையான கணிப்புகளில் பெரும்பாலானவை இந்தக் காலக்கணக்கை விட்டுவிடுவதால் வருகின்றன என்பது என் எண்ணம்.

கேள்வி எளிதாகத் தோன்றினாலும் பதில் கிடைக்க வெகுகாலம் ஆயிற்று. ஐரோப்பாவில் பதினேழாம் நூற்றாண்டு வரைக்கும், ஆறுகளையும் ஊற்றுகளையும் வற்றாமல் வைத்திருக்க மழை மட்டும் போதாது என்று அறிஞர்கள் பலர் நம்பினார்கள். கடல்நீர் பூமிக்கு அடியிலுள்ள குகைவழிகளில் புகுந்து, உப்பை இழந்து, மலைகளுக்குள் ஏறி ஊற்றாகப் பொங்குகிறது என்று விளக்கம் சொன்னார்கள். 1674ல் பியர் பெரோ என்ற பிரெஞ்சுக்காரர் சேன் ஆற்றின் தலைப்பகுதியை எடுத்துக்கொண்டு, அந்த வடிநிலத்தின் பரப்பை அங்கு பெய்யும் ஆண்டு மழையால் பெருக்கி, வந்த விடையை ஆற்றில் ஓடும் நீரோடு ஒப்பிட்டார். மழைநீர் ஆற்றுநீரைப்போல் ஏறத்தாழ ஆறு மடங்கு இருந்தது. ஆற்றுக்கு மழை போதுமா என்ற ஐயம் அதோடு தீர்ந்தது; மீதி ஐந்து பங்கு எங்கே போகிறது என்ற புதிய கேள்வி எழுந்தது. அவர் காலத்தவரான எட்மே மரியோட், பாரிஸ் வானாய்வகத்தின் நிலவறைக்குள் கசியும் நீர் மழைக்கு ஏற்பக் கூடியும் குறைந்தும் வருவதைக் கவனித்து, மழைநீர் மண்ணுக்குள் ஆழமாக இறங்குகிறது என்று வாதிட்டார். எட்மண்ட் ஹாலி 1687ல் நீர்நிரப்பிய பாத்திரத்தில் ஆவியாகும் அளவை எடைபோட்டுப் பார்த்து, மத்தியதரைக் கடலிலிருந்து எழும் ஆவி அதில் வந்து சேரும் ஆறுகளின் நீருக்குக் குறைந்ததன்று என்று கணக்கிட்டார். இம்மூவரின் அளவீடுகளும் இன்றைய கருவிகளோடு ஒப்பிட்டால் கரடுமுரடானவைதான். ஆனாலும் வரவையும் செலவையும் அளந்து எழுதி ஈடுகட்டிப் பார்க்கும் பழக்கம், அதாவது நீரியலின் அடிப்படை, அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அந்தக் கணக்கை யாரும் போட்டுப் பார்க்கலாம். ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது சரியாக ஒரு லிட்டர் நீர். ஒரு சதுர கிலோமீட்டரில் அதே மழை 10 லட்சம் லிட்டர். பத்துச் சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சிறிய நீர்ப்பிடிப்புப் பகுதியில் ஒரு மாலையில் 20 மில்லிமீட்டர் மழை பெய்தால், 20 கோடி லிட்டர் நீர் இறங்கியிருக்கிறது. மரமும் புல்லும் அடர்ந்த நிலமாக இருந்தால், அடுத்த இரண்டு மூன்று நாள்களில் ஓடையில் கூடுதலாக வெளியேறும் நீர் பெரும்பாலும் அதில் ஒரு சிறு பங்காகத்தான் இருக்கும். மற்றதெல்லாம் மண்ணிடம் இருக்கிறது. எனவே இந்தக் கதையில் மேகத்தைவிட மண்ணுக்கே அதிக இடம் கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

மழைத்துளி மண்ணைத் தொடும் அந்தக் கணத்தை அருகிலிருந்து பார்ப்பது நல்லது. ஐந்து மில்லிமீட்டர் விட்டமுள்ள பெரிய துளி நொடிக்கு ஏறத்தாழ 9 மீட்டர் வேகத்தில் வந்து மோதுகிறது. வெறுமையான நிலத்தில் அந்த மோதல் மண்கட்டியை உடைத்து நுண்துகள்களைத் தெறிக்கவிடுகிறது. குனிந்து பார்த்தால் துளி விழுந்த இடத்தில் சின்னஞ்சிறு குழியும் அதைச் சுற்றிச் சேறு சிதறிய வளையமும் தெரியும். தெறித்த துகள்கள் பக்கத்துத் துளைகளில் போய் அடைத்துக்கொள்கின்றன. சற்று நேரத்தில் மேற்பரப்பில் சில மில்லிமீட்டர் தடிமனுக்கு ஒரு மெழுகிய படலம் உண்டாகிறது, அதன்மேல் நீர் பளபளவென்று தேங்கத் தொடங்குகிறது. அந்தப் படலத்தை விரலால் கீறி எடுத்தால் அடியில் மண் பொலபொலவென்று காய்ந்திருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதே மழை, அதே மண், ஆனால் மேலே சருகு மூடியிருந்தால் துளியின் வேகத்தைச் சருகு வாங்கிக்கொள்ளும், நீர் மெதுவாகக் கசிந்து உள்ளே போகும். மண்புழு குடைந்த வழிகளும் மட்கிய வேர்கள் விட்டுப்போன துளைகளும் இருந்தால் நீர் இன்னும் வேகமாக இறங்கும்.

உள்ளே போன நீர் நேராகக் கீழே இறங்கிவிடுவதும் இல்லை. மண்ணின் துளைகள் சிறியவையாக இருக்கும்போது நீர் துகள்களின் மேல் ஒட்டிக்கொண்டு புவியீர்ப்பை எதிர்த்து நின்றுவிடுகிறது. பெரிய துளைகளிலுள்ள நீர் ஓரிரு நாள்களில் வடிந்த பிறகு மண்ணில் தங்கும் ஈரத்தை வயல்கொள்ளளவு என்பார்கள். மணலில் இது குறைவு. களிமண்ணில் மிக அதிகம். ஆனால் களிமண் பிடித்துவைத்திருக்கும் நீர் முழுவதும் செடிக்குக் கிடைக்காது. ஈரம் குறையக் குறைய, மீதமுள்ள நீரை இழுப்பதற்கு வேர் செலுத்த வேண்டிய விசை கூடிக்கொண்டே போகும். வளிமண்டல அழுத்தத்தைப்போல் சுமார் 15 மடங்கு இழுவிசை தேவைப்படும் நிலையில் பெரும்பாலான பயிர்கள் வாடிப்போகின்றன. மண்ணை எடுத்து உலையில் உலர்த்தினால் அப்போதும் அதிலிருந்து நீர் வெளியேறும். துளை எவ்வளவு இருக்கிறது என்பதும் அதன் வழியே நீர் எவ்வளவு எளிதாகப் போகிறது என்பதும் வெவ்வேறு செய்திகள். களிமண்ணின் கொள்ளளவில் பாதி வரைகூட வெற்றிடமாக இருக்கலாம், மணலில் அது மூன்றில் ஒரு பங்கு அளவே. இருந்தும் மணலில் நீர் களிமண்ணைவிட லட்சம் மடங்கு எளிதாகக் கடந்துபோகும்.

பெரோ விட்டுச்சென்ற ஐந்து பங்கின் பெரும்பகுதிக்கு இங்குதான் கணக்குக் கிடைக்கிறது. மண்ணில் தங்கிய நீரை வேர்கள் உறிஞ்சி இலைத்துளைகள் வழியே காற்றில் விடுகின்றன. செடி உறிஞ்சும் நீரில் மிகச் சிறிய பங்குதான் அதன் உடலாக மாறுகிறது. உலக அளவில் நிலத்தின் மேல் ஓராண்டில் பெய்யும் மழையும் பனியும் ஏறத்தாழ 1.1 லட்சம் கன கிலோமீட்டர். அதில் சுமார் 60 சதவீதத்துக்கு மேல் இப்படி ஆவியாகத் திரும்பிவிடுகிறது, மீதிதான் ஆறுகளின் வழியாகவும் நிலத்தடி வழியாகவும் கடலுக்குப் போகிறது. இதற்குச் செலவாகும் ஆற்றலும் பெரிது. ஒரு லிட்டர் நீரைப் பனிக்கட்டியின் குளிர்நிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் வெப்பத்தைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல் அதை ஆவியாக மாற்றத் தேவைப்படும். அந்த ஆற்றலைத் தருவது சூரியன். ஈரமான நிலமும் மரங்களும் உள்ள இடம் குளிர்ந்திருப்பதற்கு நிழல் மட்டும் காரணமன்று. அங்கு விழும் வெயிலில் ஒரு பகுதி காற்றைச் சூடாக்குவதற்குப் பதிலாக நீரை ஆவியாக்குவதில் கழிகிறது.

மரங்கள் நீர் குடிப்பதை ஓடையிலேயே பார்க்க முடியும் என்பது எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த செய்தி. வறண்ட காலத்தில், கரையெங்கும் மரங்கள் நெருங்கி நிற்கும் சிற்றோடையில் நீர்மட்டத்தைத் தானியங்கிக் கருவியால் இடைவிடாமல் பதிவுசெய்தால், கோடு நேராக இறங்காமல் நாள்தோறும் ஓர் அலையாக ஏறி இறங்கும். காலையில் மட்டம் உயர்ந்திருக்கும். வெயில் ஏற ஏற மரங்கள் கரையோர நிலத்தடி நீரை இழுக்கும், பிற்பகலிலோ மாலையிலோ மட்டம் அன்றைய தாழ்நிலையைத் தொடும். இரவில் இலைத்துளைகள் மூடிக்கொண்டதும் நிலத்திலிருந்து வரும் கசிவு அந்தக் குறையை நிரப்பும். வேறுபாடு சில மில்லிமீட்டராகக்கூட இருக்கலாம், கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்த அலை ஒன்றே, மழையில்லா நாளில் ஓடையை நடத்துவது பக்கத்து நிலத்துக்குள் இருக்கும் நீர்தான் என்பதற்குச் சான்று.

வேர்களுக்குத் தப்பிக் கீழே இறங்கும் நீர் ஓர் ஆழத்துக்குப் பிறகு துளைகளையெல்லாம் நிரப்பிவிடுகிறது. அந்த நிறைவுப் பகுதியின் மேல்முகமே நிலத்தடி நீர்மட்டம். அது சமதளமாக இருப்பதில்லை. பொதுவாக மேட்டின் அடியில் உயர்ந்தும் பள்ளத்தை நோக்கித் தாழ்ந்தும் இருக்கும். அந்தச் சாய்வு நிலத்தின் முகத்தைத் தொடும் இடத்தில் ஊற்றும் ஓடையும் பிறக்கின்றன. இந்த நகர்வுக்கு விதி கண்டவர் ஆன்றி டார்சி. டிஜான் நகரத்துக்குக் குடிநீர் அமைப்பைக் கட்டிய பொறியாளரான அவர், மணல் நிரப்பிய குழாய்களில் நீரை விட்டுச் சோதித்து 1856ல் வெளியிட்ட முடிவு இது: கடந்துபோகும் நீரின் அளவு இரு முனைகளுக்கும் இடையிலுள்ள நீர்மட்ட வேறுபாட்டுக்கு நேர்விகிதத்திலும் மணலின் நீளத்துக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும்.

அந்த விதியைக் கொண்டு ஒரு கணக்குப் போடலாம். நாளொன்றுக்கு 10 மீட்டர் கடத்துதிறன் (நீரை எவ்வளவு எளிதாகக் கடந்துபோக விடுகிறது என்பதன் அளவு) உள்ள நல்ல மணற்படுகை, 200 மீட்டருக்கு ஒரு மீட்டர் சாய்வு, துளைப்பங்கு பத்தில் மூன்று என்று வைத்துக்கொண்டால், நீர் நாளொன்றுக்கு நகரும் தூரம் ஏறத்தாழ 17 சென்டிமீட்டர். மேட்டில் இறங்கிய நீர் ஒரு கிலோமீட்டர் தள்ளியுள்ள ஓடையை அடையப் பதினாறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இது நீர் எளிதாக ஓடும் மணலில்! மழையில்லா நாளில் ஓடையில் போகும் நீர் என்பது பல ஆண்டுகளில் பெய்த மழைகள் வெவ்வேறு தொலைவிலிருந்து ஒரே நாளில் வந்து கலந்த கலவை.

அப்படியானால் மழை பெய்த சில மணி நேரத்தில் ஓடை பெருகுவது எப்படி? இதற்கு நெடுங்காலம் ஏற்கப்பட்டிருந்த பதில் ராபர்ட் ஹார்ட்டன் 1933ல் சொன்னது. மண் உறிஞ்சும் வேகத்தைவிட மழை வேகமாகப் பெய்தால் மிச்ச நீர் தரைமேல் வழிந்தோடி ஆற்றுக்குப் போகிறது என்றார் அவர். மேலே சொன்ன மெழுகிய படலமுள்ள வெற்றுநிலத்திலும், வறண்ட வெளிகளிலும், கான்கிரீட் பரப்பிலும் அது அப்படியே நடக்கிறது. ஆனால் காடும் புல்லும் மூடிய ஈரநிலங்களில், கடும் மழையிலும் சரிவின்மேல் நீர் வழிவதைக் காண்பது அரிது. அங்கும் ஓடை பெருகத்தான் செய்கிறது. தாமஸ் டன் முதலானவர்கள் அமெரிக்காவின் வெர்மான்ட் பகுதியில் செய்து 1970ல் வெளியிட்ட ஆய்வுகள், பள்ளங்களிலும் ஓடைக்கரையிலும் நிலத்தடி நீர்மட்டம் தரைவரை ஏறிவிடுவதால் அங்கு மட்டும் மழை உள்ளிறங்க இடமில்லாமல் வழிகிறது என்று காட்டின. மழை நீடிக்க நீடிக்க அந்த நிறைந்த பகுதி விரியும், பிறகு சுருங்கும்.

அடுத்து வந்த கண்டுபிடிப்பு இன்னும் வியப்பானது. நீரில் ஆக்சிஜன்-18, டியூட்டீரியம் போன்ற கனமான ஐசோடோப்புகள், அதாவது அதே தனிமத்தின் எடை கூடிய அணுவகைகள், மிகச் சிறிய அளவில் கலந்திருக்கின்றன. அந்த விகிதம் ஒவ்வொரு மழைக்கும் சற்று மாறுபடும். ஆகவே இன்று பெய்த மழையின் விகிதத்தையும் ஏற்கெனவே நிலத்தில் இருந்த நீரின் விகிதத்தையும் அளந்துகொண்டால், வெள்ளநீரில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லலாம். 1970களிலிருந்து செய்யப்பட்ட இத்தகைய ஆய்வுகளில், ஈரமும் தாவரமும் மிகுந்த நீர்ப்பிடிப்புப் பகுதிகள் பலவற்றில் பெருகிவந்த நீரில் பாதிக்கும் மேல் பழைய நீராகவே இருந்தது. மழை இன்று பெய்கிறது, ஓடை இன்றே பெருகுகிறது, பெருகிய நீரில் பெரும்பகுதி வாரங்களுக்கும் மாதங்களுக்கும் முன்னால் பெய்த மழை!

இதைப் புரிந்துகொள்ள, தோட்டத்துக்கு நீர்விடும் ரப்பர் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே நீர் நிறைந்திருக்கும் குழாயில் பைப்பைத் திறந்தவுடன் மறுமுனையில் நீர் பாய்கிறது. பாய்வது குழாய்க்குள் முன்பே இருந்த நீர், பைப்பிலிருந்து இப்போது புறப்பட்ட நீர் வந்துசேரச் சற்று நேரமாகும். நிலத்திலும் அழுத்தம் பயணம் செய்யும் வேகம் ஒன்று, நீர்த்துகள் பயணம் செய்யும் வேகம் வேறொன்று. முன்னது மிக வேகமானது, பின்னது மிக மெதுவானது. வெள்ள முன்னறிவிப்புக்கு முன்னது வேண்டும். உரமும் பூச்சிமருந்தும் எப்போது ஓடைக்கு வந்துசேரும் என்று அறியப் பின்னது வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு எழுதப்படும் அறிக்கைகளைப் படிக்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டாகிறது. வயல்களில் உரத்தைக் குறைத்த பின்னும் ஊற்றுநீரில் நைட்ரேட் குறையவில்லையே, திட்டம் தோற்றுவிட்டதே என்று அடுத்த ஆண்டே முடிவு கட்டுவது, அந்த நீர் எப்போது நிலத்துக்குள் இறங்கியது என்று கேட்காததன் விளைவு.

நீரின் வயதை அறிய வழிகள் உண்டு. 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் வானில் நடந்த அணுகுண்டுச் சோதனைகள் மழைநீரில் டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜனை மிகுதியாகச் சேர்த்தன, 1963 வாக்கில் அது உச்சத்தில் இருந்தது. டிரிட்டியத்தின் அரைவாழ்வு சுமார் 12.3 ஆண்டுகள். ஒரு கிணற்று நீரில் அது அறவே தென்படவில்லை என்றால், அந்த நீர் பெரும்பாலும் அச்சோதனைகளுக்கு முன்பே நிலத்துக்குள் போய்விட்டது என்று கொள்ளலாம். சகாராவின் கிழக்குப் பகுதியில், எகிப்தில், நூபிய மணற்கல் படுகையிலுள்ள நீரைக் கிரிப்டான்-81 என்ற கதிரியக்க வாயுவைக் கொண்டு அளந்தபோது வயது லட்சக்கணக்கான ஆண்டுகளில் வந்தது. சில கிணறுகளில் பத்து லட்சம் ஆண்டை நெருங்கியது. இதற்கு எதிர்முனையில் காற்றிலுள்ள ஈரம் இருக்கிறது. அது முழுவதும் ஒரே நேரத்தில் மழையாகிவிட்டால் பூமியெங்கும் 25 மில்லிமீட்டர் அளவே நிற்கும், சராசரியாக ஒன்பது பத்து நாள்களில் அது இறங்கிப் புதிது ஏறிவிடும். ஆறுகளின் வாய்க்கால்களில் எந்நேரமும் இருப்பது ஏறத்தாழ 2,000 கன கிலோமீட்டர். அது மாறிவிட இரண்டு மூன்று வாரம். கடலில் விழுந்த நீர் மீண்டும் ஆவியாகச் சராசரியாக மூவாயிரம் ஆண்டு.

நீர்ச்சுழற்சிப் படத்தில் நெடுங்காலம் மனிதனுக்கு இடமில்லாமல் இருந்தது. அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் 2022ல் வெளியிட்ட புதிய படத்தில்தான் பாசனமும் நகரங்களும் நிலத்தடி நீரை இறைக்கும் கிணறுகளும் இடம்பெற்றன. அந்தச் சேர்க்கை அவசியமானது. ஏனென்றால் கிணறு இறைக்கும் நீர் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியும், மழையில்லா நாளில் ஓடும் நீர் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியும் ஒரே கேள்விதான்.

அமெரிக்க நிலத்தடி நீரியலாளர் சார்லஸ் தைஸ் 1940ல் இதைத் தெளிவாக எழுதினார். இறைப்பதற்கு முன், படுகைக்குள் வரும் நீரும் ஊற்றாகவும் ஓடையாகவும் வெளியேறும் நீரும் நீண்டகாலச் சராசரியில் சமமாக இருக்கின்றன. கிணறு போட்டு இறைத்தால் அந்த நீருக்கு மூன்றே வழிகள்தான்: படுகையின் இருப்புக் குறைய வேண்டும், அல்லது உள்ளே வருவது கூட வேண்டும், அல்லது வெளியே போவது குறைய வேண்டும். தொடக்கத்தில் எல்லாமே இருப்பிலிருந்து வருகிறது, கிணற்றைச் சுற்றி நீர்மட்டம் கூம்புபோல் இறங்குகிறது. அந்தக் கூம்பு விரிந்து ஓடைவரை எட்டும்போது, ஓடைக்கு வரவேண்டிய கசிவு கிணற்றுப் பக்கம் திரும்புகிறது. இன்னும் போனால் ஓடையின் நீரே படுகைக்குள் இறங்குகிறது.

முன்பு எடுத்துக்கொண்ட அதே மணலை இங்கும் எடுத்துக்கொள்வோம். படுகையின் தடிமன் 30 மீட்டர், வடிந்து தரக்கூடிய நீர் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கு, கிணறு ஓடையிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நீர்த்துகள் அந்தத் தூரத்தைக் கடக்கப் பதினாறு ஆண்டு ஆகும் என்று பார்த்தோம். ஆனால் இடைவிடாமல் இறைத்தால், இரண்டு ஆண்டுகள் முடிவதற்குள்ளாகவே பம்ப் எடுக்கும் நீரில் ஏறத்தாழ பாதி ஓடையின் கணக்கிலிருந்து போகத் தொடங்கிவிடும், ஏனென்றால் இங்கே பயணம் செய்வது அழுத்தம். தூரம் கூடினால் தாமதம் அதன் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். மூன்று கிலோமீட்டர் தள்ளியுள்ள கிணற்றுக்கு ஒன்பது மடங்கு, அதாவது ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகள். இந்தத் தாமதத்தால்தான் தொலைவிலுள்ள கிணறு ஓடையைத் தொடவில்லை என்று பலரும் உறுதியாகச் சொல்கிறார்கள்.

தாமதம் மறுபக்கமும் வேலை செய்கிறது. மூன்று கிலோமீட்டர் தள்ளியுள்ள அந்தக் கிணற்றில் ஒரு வறண்ட பருவத்தில் சில மாதங்கள் மட்டும் இறைத்துவிட்டு நிறுத்திவிட்டாலும், ஓடையில் அதன் குறைவு உச்சத்தை எட்டுவது இரண்டரை ஆண்டுகளுக்கும் மேல் கழித்துத்தான். அதன் பிறகு மெல்ல மெல்லத் தேய்ந்து மறையப் பல ஆண்டுகள் ஆகும். இடையில் நல்ல மழை பெய்திருக்கலாம், பம்ப்பையே கழற்றிக்கொண்டு போயிருக்கலாம். ஓடை மெலிந்த அந்த ஆண்டில் ஆற்று அளவீட்டையும் மழை அளவீட்டையும் மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்குக் காரணம் பிடிபடாது. கிணற்றுக்கும் ஓடைக்கும் நடுவில் சில நோக்குக் கிணறுகளைப் போட்டு, இறைக்காத ஆண்டுகளிலும் நிறுத்தாமல் மட்டத்தை எழுதிவந்திருந்தால், கூம்பு எப்போது எங்கே வந்தது என்று அந்தப் பதிவேட்டிலிருந்து படித்துச் சொல்லலாம்.